பஞ்சாங்கத்தைக் கைப்பற்றியவர்கள்: சாக்கிய பவுத்தர்களின் ஓர் ஆண்டு

ஒரு வருஷத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்த நாட்கள் யாருடையவை என்று கேட்டால்தான் சிக்கல். எது நல்ல நாள், எது கெட்ட நாள், எப்போது தேர், எப்போது விரதம் என்று முடிவு செய்கிறவன் ஒருவன். அந்த நாளில் பறையடிக்கவும், பந்தலுக்குக் குழி தோண்டவும், தேர் தெருவில் வரும்போது தள்ளி நிற்கவும் விதிக்கப்பட்டவன் இன்னொருவன். நாள் அவனுடையது, வேலை நம்முடையது. நிலம் பறிபோனதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். காலம் பறிபோனதைப் பற்றி அவ்வளவு பேசியதில்லை.

அப்படிப் பறிபோன காலத்தைத் திரும்பக் கேட்ட ஒரு கூட்டம் தமிழ் பேசும் சேரிகளில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. சென்னை ராயப்பேட்டையிலும் கோலார் தங்கவயலிலும் வேறு பல இடங்களிலும் வாழ்ந்த சாக்கிய பவுத்தர்கள்தான் அவர்கள். அவர்களுக்கு ஓர் ஆண்டு எப்படிப் போனது? வாரத்தில் என்ன செய்தார்கள், மாதத்தில் என்ன செய்தார்கள், பண்டிகை வந்தால் என்ன செய்தார்கள்? இதைத்தான் இந்தக் கட்டுரை பேச வருகிறது. தலைவர்களின் வாழ்க்கை வரலாறு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு சங்கத்தின் ஓர் ஆண்டைப் பார்த்தால்தான் அந்த இயக்கம் சனங்களின் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் போனது என்று தெரியும்.

1

சங்கம் திடீரென்று முளைத்ததல்ல. 1892இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாசன சபைக் கூட்டம் நடந்தது. அயோத்திதாசப் பண்டிதர் அதற்கு நீலகிரியிலிருந்து பிரதிநிதியாக வந்திருந்தார். சிவன் கோவிலுக்குள்ளும் விஷ்ணு கோவிலுக்குள்ளும் எங்களை ஏன் விடக்கூடாது என்று கேட்டார். உங்கள் குலத்துக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்களே, அவர்களைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்கிற தொனியில் பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமிகளே எங்களுக்கு வேண்டாம் என்று பண்டிதர் எழுந்துவிட்டார். பின்னாளில் அவரே இதை எழுதியிருக்கிறார். ‘நீ வேற, நாங்க வேற’ என்று அவர்களே சொன்ன பிறகு ‘இந்து’ என்ற சொல்லுக்குள் நாம் எப்படி வந்தோம் என்ற கேள்வி அங்கே தொடங்குகிறது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1898இல், கர்னல் ஆல்காட்டின் துணையோடு பண்டிதர் இலங்கைக்குப் போனார். பஞ்சமர் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமியாரும் உடன் போனார். கொழும்பில் சுமங்கல மகாநாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார்கள். திரும்பி வந்ததும் ராயப்பேட்டையில் சாக்கிய பவுத்த சங்கம் பிறந்தது. ஆல்காட் வெள்ளைக்காரர், பிரம்மஞான சபைக்காரர் என்பதெல்லாம் சரிதான். ஆனால் 1894 முதல் அவர் நடத்திய பஞ்சமர் பள்ளிகள் இல்லாமல் இந்தக் கதை இல்லை. உதவியை வாங்கிக்கொண்டார்கள், என்ன பேசுவது என்பதைத் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள்.

நான் எடுத்துக்கொள்கிற ஆண்டு 1907. அந்த ஆண்டு பிப்ரவரி 17இல் ஆல்காட் அடையாறில் இறந்துபோனார். அதே ஆண்டு பேராசிரியர் பொ. லட்சுமி நரசுவின் ‘பவுத்தத்தின் சாரம்’ ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஜூன் 19, புதன்கிழமை, ராயப்பேட்டையிலிருந்து நாலு பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை வந்தது. பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. ரூபாய்க்கு 64 பைசா இருந்த காலம் அது. விலையையே பெயராக வைத்த பத்திரிகை! கூலிக்காரன் வாங்க வேண்டும் என்கிற எண்ணம் பெயரிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1908 ஆகஸ்ட் 26 முதல், அது ‘தமிழன்’ ஆனது. அதுவும் ஒரு புதன்கிழமைதான்.

அந்த ஒரு வருஷத்தில் நாடு என்ன பாடுபட்டது என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். சுதேசி, சூரத் காங்கிரசில் செருப்பு வீச்சு, 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது, திருநெல்வேலிக் கலகம். ஆனால் அதே வருஷத்தில் சேரியிலிருந்து வாராவாரம் ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. சுதேசியைப் பார்த்து, ‘உன் தேசத்தில் எனக்குக் குடிக்கத் தண்ணி உண்டா?’ என்கிற கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

2

முதலில் வாரத்தைப் பார்ப்போம். புதன்கிழமை பத்திரிகை. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். இந்த இரண்டு நாட்களின் மேல்தான் சங்கத்தின் வாரம் நின்றது.

தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வடார்க்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கத்திலிருந்தும் நம் சனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பண்ணையாரிடம் அடி வாங்குவதைவிடப் பாறைக்கடியில் சாவது மேல் என்று போனவர்கள் பலர். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது. கம்பெனியின் இயந்திரத்துக்கு வந்தது. லயன் வீட்டுக்கு வந்ததா என்பது வேறு விஷயம். சாம்பியன் ரீப் சுரங்கம் பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறை வெடித்தால் ஆள் மிஞ்சுவது கஷ்டம்.

அந்த மண்ணில்தான் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்சிலும் சங்கம் வேர் பிடித்தது. எம்.ஒய். முருகேசர், ஏ.பி. பெரியசாமிப் புலவர், ஜி. அப்பாதுரையார் என்று படித்தவர்களும் புலவர்களும் அங்கே உருவானார்கள். சித்தார்த்தா புத்தகசாலை சாம்பியன் ரீப்சில் இருந்துதான் பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. சேரிக்காரனுக்குத் தமிழ்ப் புலமை ஏது என்று கேட்கிறவர்களைத் தங்கவயலின் பழைய லயன்களுக்கு அனுப்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூடினால் என்ன நடக்கும்? பஞ்சசீலம் சொல்வார்கள். பிறகு ஒருவர் பேசுவார். கேள்வி கேட்பார்கள். பத்திரிகை வந்திருந்தால் எழுத்துத் தெரிந்தவர் படிக்க, தெரியாதவர் கேட்பார். பத்திரிகையில் கேள்வி-பதில் பகுதி பெரிதாக இருந்ததற்குக் காரணம் இதுதான். ராயப்பேட்டையில் அச்சான ஒரு பதில் தங்கவயலில் விவாதமாகும்; அங்கே எழுந்த சந்தேகம் கடிதமாக ராயப்பேட்டைக்குத் திரும்பும். ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கூலிகளாகப் போனவர்களிடமும் இந்த இதழ் போனது. காலணாக் காகிதம் கடல் தாண்டியது.

குடிக்காதே என்பது பஞ்சசீலத்தில் அய்ந்தாவது. சுரங்கத்திலிருந்து ஏறி வருகிறவனைச் சாராயக் கடை முதலில் கூப்பிடும். அந்த இடத்தில் அய்ந்தாவது சீலத்தைச் சொல்வது வெறும் ஒழுக்கப் பேச்சு இல்லை. கூலி வீட்டுக்கு வந்து சேருமா சேராதா என்கிற பிரச்சனை அது.

3

இனி மாதங்கள். இங்கேதான் பண்டிதர் செய்த பெரிய காரியம் இருக்கிறது. அவர் புதிதாகப் பண்டிகைகளை உண்டாக்கவில்லை. சனங்கள் ஏற்கனவே கொண்டாடிக்கொண்டிருந்ததையே எடுத்து, ‘இது உன்னுடையதுதான், உன்னிடமிருந்து பிடுங்கி வேறு கதை கட்டிவிட்டார்கள்’ என்று சொன்னார். தமிழன் இதழில் ஒவ்வொரு பண்டிகைக்கும் விளக்கம் எழுதினார்.

வைகாசிப் பவுர்ணமி புத்தர் பிறந்த நாள். அதில் தகராறு இல்லை. மணிமேகலையில் அமுதசுரபி கோமுகிப் பொய்கையிலிருந்து மேலே வருவதும் அந்த நாளில்தான். இலங்கையில் 1885 முதல் வெசாக் விடுமுறை நாளானது. அங்கே பவுத்தர்கள் விளக்கேற்றிய அதே பவுர்ணமியில் தமிழ்ச் சேரியிலும் ஒரு கூட்டம் கூடியது.

ஆடி வந்தால் அம்மனுக்குக் கூழ். அம்மன் யார்? பரசுராமன் தலை வெட்டிய கதையைப் பண்டிதர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்ன அம்மன் அம்பிகை என்கிற பவுத்த பிக்குணி. வைசூரி கண்ட சனங்களுக்கு வேப்பிலையின் குணத்தைக் கற்றுக்கொடுத்தவள். ஆத்திசூடி பாடிய அவ்வையும் அவள்தான் என்பது அவர் கட்சி. பண்டிதர் சித்த வைத்தியர் என்பதை இங்கே மறக்கக்கூடாது. கோபித்து வைசூரி போடுகிற தெய்வம் போய், வைசூரிக்கு மருந்து கண்ட பெண் வந்துவிட்டாள். பயத்தின் இடத்தில் நன்றி வந்தது.

அய்ப்பசியில் தீபாவளி. நரகாசுரன் என்கிற ஒருவனைக் கொன்ற நாளைக் கொண்டாடச் சொல்கிறார்கள். யாரைக் கொன்றதை யார் கொண்டாடுவது? பண்டிதர் வேறு சொன்னார். மடத்தில் இருந்த பவுத்த முனிவர்கள் எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டார்கள். அதன் குணத்தைச் சோதித்து, சனங்கள் அதைத் தேய்த்துத் தீபவதி என்ற ஆற்றில் குளித்தார்கள். அந்தக் குளிப்புதான் இன்றைய எண்ணெய்க் குளியல் என்றார். கார்த்திகையில் மலைமேல் ஏற்றுகிற விளக்குக்கு அவர் சொன்னது ஆமணக்கு நெய்யைக் கண்டுபிடித்த கதை. அந்த நெய் எரிகிறதா, ஊருக்குத் தெரிகிறதா என்று உயரத்தில் ஏற்றிக் காட்டினார்கள்.

மார்கழிக் கடைசி நாள் போகி. பண்டிதருக்கு அது ‘போதி’. சங்கராந்தி அவருக்கு ‘சங்கறர் அந்தியம்’. சங்கறர் என்றால் புத்தர். அவர் பரிநிர்வாணம் அடைந்ததை நினைக்கும் நாள். தேரவாத மரபில் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் மூன்றும் வைகாசிப் பவுர்ணமியில்தான். கொழும்பில் சீலம் பெற்றுவந்த மனிதர் கொழும்புக் கணக்கைக்கூட அப்படியே ஏற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சேரிச் சனங்களின் கையில் இருந்த பொங்கலை விட்டுவிட அவருக்கு மனமில்லை.

இப்படி வைகாசியில் ஒரு பிறப்பு, ஆடியில் ஒரு பிக்குணி, அய்ப்பசியிலும் கார்த்திகையிலும் எண்ணெய் கண்ட துறவிகள், மார்கழியில் ஒரு நிர்வாணம். ஒரு முழு ஆண்டு தயார். இந்த ஆண்டில் கொல்லப்படுகிற அசுரன் யாருமில்லை. வைத்தியமும் எண்ணெயும் விளக்கும் அறமும்தான் இருக்கின்றன.

4

இதைப் படித்ததும் தமிழ் படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். நானும் எம்.ஏ. தமிழ் படித்தவள்தான். வகுப்பில் மணிமேகலையை வரி வரியாக நடத்தினார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் சேரியில் ஒரு பவுத்தச் சங்கம் இருந்தது என்று ஒரு வாத்தியார்கூடச் சொல்லவில்லை. அயோத்திதாசர் என்ற பெயரே அந்த இரண்டு வருஷத்தில் என் காதில் விழவில்லை.

போகி, போதி ஆகுமா? சங்கராந்தியைச் சங்கறர் அந்தியம் என்று பிரிக்கலாமா? மொழியியல் தராசில் வைத்தால் இவை நிற்காது. நிற்கும் என்று நாம் வாதாடத் தேவையில்லை. நாம் கேட்க வேண்டியது வேறு. புராணக் கதைகள் மட்டும் எந்தத் தராசில் நின்றன? பஞ்சமன் காலில் பிறந்தவன்கூட இல்லை என்ற கதை எந்த ஆராய்ச்சியில் நிரூபணமானது? அவன் கதை சட்டமாகிறது, நம் கதை நகைச்சுவையாகிறது. கதை கட்டும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ, அந்த இடத்தில்தான் பண்டிதர் கை வைத்தார். சொல்லை உடைத்து உள்ளே வேறொரு வரலாறு இருக்கிறது என்று காட்டுவது அவருடைய ஆயுதம். ஆயுதத்தின் வேலைப்பாட்டில் குறை இருக்கலாம். அது யாரை நோக்கி நீட்டப்பட்டது என்பதில் குழப்பமில்லை.

லட்சுமி நரசுவுக்கும் சிங்காரவேலருக்கும் இந்த வழி சரிப்படவில்லை. அவர்கள் பவுத்தத்தைப் பகுத்தறிவாக, அறிவியலோடு ஒத்துப்போகிற நெறியாகப் பார்த்தார்கள். பண்டிதருக்கு அது இழந்துபோன வரலாறு. ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், இரண்டு பவுத்தங்கள். பின்னாளில் இரண்டும் ஒரு இடத்தில் சேர்ந்தன. நரசுவின் புத்தகத்தை 1948இல் முன்னுரை எழுதி மறுபடி வெளியிட்டவர் பாபாசாகேப் அம்பேத்கர். தீண்டாமைக்குள்ளானவர்கள் முன்னாள் பவுத்தர்கள் என்ற வாதத்தை அதே 1948இல் வந்த ‘தீண்டப்படாதோர்’ நூலில் வைத்தவரும் அவரே. அந்த வாதத்தைப் பண்டிதர் நாற்பது வருஷத்துக்கு முன்பே தமிழில் வாராவாரம் எழுதிவிட்டார்.

5

சரி, தியானம்? பவுத்தம் என்றதும் இன்று எல்லோரும் கேட்கிற கேள்வி இது. கண்ணை மூடி உட்காருவதுதான் பவுத்தம் என்று ஆகிவிட்டது. கோயங்கா 1969 முதல் இந்தியாவில் விபாசனா கற்றுக்கொடுத்தார். இகத்புரியில் 1976இல் மையம் தொடங்கியது. அந்தப் பயிற்சியைக் குறை சொல்ல வரவில்லை. தலித்துகளும் அங்கே போய்ப் பலன் பெற்றிருக்கிறார்கள். ஆனால் பத்து நாள் பேசாமல் உட்கார யாருக்கு லீவு கிடைக்கும்? தினக்கூலிக்குப் போகிற அக்கா எந்தப் பத்து நாளை எடுப்பாள்?

சாக்கிய பவுத்தர்கள் மனசை விட்டுவிட்டவர்கள் இல்லை. தீமையை விலக்கு, நன்மையைப் பிடி, மனசைச் சுத்தம் செய். புத்தரின் இந்த மூன்றைத்தான் பண்டிதர் ஆதிவேதம் என்றார். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் நிற்காது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் சாதி என்கிற அழுக்கு நம் மனசில் தானாக ஊறியதல்ல, வெளியிலிருந்து ஊற்றப்பட்டது. ‘நான் இழிந்தவன்’ என்ற எண்ணத்தைக் கழுவுவதுதான் சேரியில் முதல் மனசுத்தி. அதைத் தனியாக உட்கார்ந்து கழுவ முடியாது. கூடி உட்கார்ந்து, பேசி, படித்து, பிள்ளைக்குப் பெயர் வைத்து, கல்யாணம் செய்து, செத்தவரை மரியாதையாக அடக்கம் செய்துதான் கழுவ முடியும். அவர்களுடைய தியானம் கூட்டுத் தியானம்.

பெயர் வைத்ததைச் சும்மா சொல்லவில்லை. பண்டிதரின் பிள்ளைகளைப் பாருங்கள். மகன் பட்டாபிராமன், இன்னொரு மகன் ஜானகிராமன். மகள்கள் அம்பிகாதேவி, மாயாதேவி. வைணவத்திலிருந்து பவுத்தத்துக்கு ஒரு குடும்பம் நடந்துபோன பாதை பெயர் வரிசையிலேயே தெரிகிறது. கல்யாணமும் அப்படித்தான். நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பார்ப்பான் எங்கே வந்தான், வள்ளுவர்தானே வந்தார் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் நெருப்பும் நாள்நட்சத்திரமும் அவன் கொடுத்தவைதானே. அதை எடுத்துவிட்டுப் பஞ்சசீலத்தை வைத்தார்கள். முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது 1928இல். அதற்கு முன்பே இது நடந்தது என்பதை யாரோடும் சண்டைக்காகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன்.

6

1910இல் குடிமதிப்பு ஆணையர் கெய்ட் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பார்ப்பனரை ஏற்காதவர்கள், கோவிலுக்குள் விடப்படாதவர்கள், இவர்களை இந்துக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று தனியே பார்க்கச் சொன்னது அது. இந்துத் தலைவர்கள் பதறிப்போனார்கள். கோவில் வாசலில் நிறுத்தப்பட்டவன் கணக்கில் மட்டும் உள்ளே வரவேண்டும்! எண்ணிக்கைக்கு வேண்டும், எச்சிலுக்கு ஆகாது. 1911 கணக்கெடுப்பில் பவுத்தர் என்று பதியுங்கள் என்று தமிழன் எழுதியது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களும் ஆடிக்கூழும் அய்ப்பசிக் குளியலும் எங்கே போய் நின்றன என்று இப்போது தெரிகிறதா? ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில். ‘நீ என்ன மதம்?’ என்று கேட்டால் தயங்காமல் சொல்வதற்கு ஒருவன் வருஷம் முழுக்கப் பழகியிருக்க வேண்டும்.

அந்தக் கட்டம் எவ்வளவு முக்கியம் என்பது பின்னாளில் நமக்கு வலியோடு தெரிந்தது. 1950 ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் நாக்பூரில் லட்சக்கணக்கில் பவுத்தம் தழுவியவர்கள் 1990 வரை மத்திய அரசின் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். முப்பத்துநாலு வருஷம்!

7

புகழ் பாடி முடித்துவிட்டால் அது வரலாறு ஆகாது. சாக்கிய பவுத்தம் எல்லாச் சேரிக்கும் கதவு திறந்ததா? பண்டிதரின் எழுத்தில் ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்று வருகிறவர்கள் பெரும்பாலும் பறையர் என்று அழைக்கப்பட்டவர்கள். சக்கிலியரையும் தோட்டிகளையும் குறவரையும் அவர் வேறாக வைத்தார். நாங்கள் தாழ்த்தப்பட்டவர்கள், அவர்கள் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்கிற பிரிப்பு அந்த எழுத்தில் இருக்கிறது. அருந்ததியத் தோழர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது நாம் காலத்தைக் காரணம் காட்டித் தப்பிக்கக் கூடாது. சாதியை எதிர்த்துக் கட்டிய வீட்டிலும் ஒரு திண்ணை தனியாக இருந்தது. அதை இடிக்காமல் அந்த வீட்டுக்குள் நாம் குடிபோக முடியாது.

பெண்கள் எங்கே என்றும் கேட்க வேண்டும். அம்பிகை கதையில் தெய்வமாக இருக்கிறாள். சங்கத்தின் மேடையில் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆனாலும் சொப்பனேஸ்வரி அம்மாள் போன்றவர்கள் எழுதினார்கள்; 1916இல் அவர் ‘தமிழ்ப்பெண்’ இதழை நடத்தினார். அந்தக் கூழை ஊற்றியவர்கள், வெள்ளை கட்டிக்கொண்டு சீலம் சொன்னவர்கள், குடிகாரப் புருஷனைச் சங்கத்துக்கு இழுத்து வந்தவர்கள் பெயரில்லாமல் போனார்கள்.

பண்டிதர் 1914 மே 5இல் இறந்தார். மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். 1926இல் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மறுபடி தமிழனைக் கொண்டுவந்தார். பிறகு ஒரு நீண்ட மவுனம். அந்த மவுனத்தில் பழைய இதழ்களைப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றியவை தங்கவயல், திருப்பத்தூர், சென்னைக் குடும்பங்கள். அன்பு பொன்னோவியம், தி.பெ. கமலநாதன் போன்றவர்கள் அவற்றைத் தேடிச் சேர்த்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வந்தது. 2005இல் தபால்தலை. 2023இல் சென்னையில் மணிமண்டபம். தங்கச் சுரங்கமோ 2001 பிப்ரவரியோடு மூடப்பட்டுவிட்டது.

சிலை வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் சிலைக்கு ஒரு நாள்தான் மாலை. மிச்சம் முந்நூற்று அறுபத்து நாலு நாளை யார் கொண்டுபோகிறார்கள்? அரசாங்கக் காலண்டரிலும் ஜோசியக் காலண்டரிலும் சேரியின் சுவர் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே படிக்கிற மாணவர்களுக்கும் களத்தில் இருக்கிற தோழர்களுக்கும் ஒரு வேலை. தங்கவயலிலும் திருப்பத்தூரிலும் பெங்களூரிலும் பெரம்பூரிலும் இருக்கிற பழைய பவுத்தக் குடும்பங்களிடம் போங்கள். தலைவர் படம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் தாத்தா கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா, பவுர்ணமிக்கு வீட்டில் என்ன சமைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை யார் பேசினார்கள், பிள்ளைக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேளுங்கள். பாட்டி சொல்வதைப் பாட்டியின் பேச்சிலேயே எழுதுங்கள். சந்தா ரசீது, துண்டு நோட்டீஸ், கிழிந்த சங்கக் கணக்கு நோட்டு, எதையும் கரையானுக்கு விடாதீர்கள். மாதம் மாதமாக அடுக்கினால் அந்த ஆண்டு முழுசாகத் திரும்பி வரும். அதில் அருந்ததியருக்கு இடம் இருக்கிறதா, பெண்ணுக்குப் பேச்சு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத நாட்களை நாம் எழுதிச் சேர்க்க வேண்டும்.